ஒரு ஸ்பூன் சேஷம்

என் வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்து உள்ளே விட்டிருக்கிறார்கள். இதை இப்போது யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஆபரேஷன் ஆன புதிதில், இது எனக்கும் என் கணவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு அசடு நான்.

குண்டு உடம்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கல்யாணத்தில் நலங்கு வைத்து அப்பளம் உடைக்கும் நேரத்தில், "மன்னி கைல அப்பளத்தைக் குடுக்காதீங்கோ, உடைக்க மாட்டா, தின்னுடுவா" என்று என் நாத்தனார் சொன்னாள். என் கணவருடைய தங்கை, அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள். கூடமே கொல்லென்று சிரித்தது. அவர் ஒருத்தர்தான் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனுஷரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் எத்தனை வைத்தியம்! கொள்ளு, தேன், வெந்நீர், பட்டினி, அரிசியை ஒதுக்கி வைத்தது, தில்லை நகரில் ஒரு ஜிம்மில் போய் மூச்சு வாங்கினது. இளைப்பேன், மறுபடி இரண்டு பங்காக ஏறும். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆபீஸ் போகும் பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார இடம் இருக்காது என்பதுதான் நிஜம். முழங்கால் போயிற்று. சர்க்கரை வந்தது. ராத்திரி மூச்சு அடைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் சர்ஜனிடம் போனோம்.

அந்த முதல் நாளை நான் மறக்க மாட்டேன். சர்ஜன் என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்துப் பேசினார். "சார், ஒண்ணு நல்லாக் கேட்டுக்குங்க. இது இவங்க வாயைக் கட்டாததால வந்தது இல்லை. உடம்போட அமைப்பு, சுரப்பி, பரம்பரை எல்லாம் சேர்ந்து வந்த வியாதி. சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி. யாரும் இவங்களைக் குத்தம் சொல்லக் கூடாது." இவர் நெற்றியைச் சுருக்கிக் கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். "ஆமாம் டாக்டர், ரொம்பக் கரெக்ட்" என்றார். நாற்காலியின் கைப்பிடியில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தார். எனக்குக் கண்ணில் ஜலம் முட்டிவிட்டது. இத்தனை வருஷம் பெற்றவளிலிருந்து கண்டக்டர்வரை எல்லோரும் என் வாயைத்தான் சொன்னார்கள். உன் தப்பு இல்லை என்று ஒருத்தர் சொல்ல, என்னவர் அதை ஒப்புக்கொண்டார். அது போதும், வயிற்றை என்ன, எதை வேண்டுமானாலும் வெட்டிக்கோ என்று தோன்றியது.

வெளியே வந்ததும் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்கோ. முக்கியமா உங்க தங்கைகிட்ட. அவ வாயில நான் மறுபடி அப்பளமா நொறுங்க மாட்டேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன். பித்தப்பைல கல்லுன்னு சொல்லிடலாம்" என்றார். அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததும் அவரேதான்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிறு வலிக்கவில்லை, தோள்பட்டை வலித்தது. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஊதின காற்று அங்கே போய் முட்டுமாம். நர்ஸ் எழுப்பி நடக்கவிட்டாள். இவர் மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு வாயாகக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கைப்பாகம்தான். சாத்துமுதை, அதாவது ரசத்தை, அடி கலங்காமல் தெளிவாக இறுத்து, பரணில் கிடந்த, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைத் தேய்த்து எடுத்து அதில் ஊற்றித் தருவார். நான் அவசரப்பட்டு விழுங்கிவிட்டு நெஞ்சில் நின்று தவித்தால் முதுகைத் தடவுவார். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்துவார். இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. செய்தார், மனுஷர் நன்றாகவே செய்தார். அதனால்தான் வயிறு எரிகிறது.

மாதங்கள் போகப் போக உடம்பு இறங்கியது. கூடவே தலைமுடியும் கொத்துக் கொத்தாக இறங்கியது. கையில் தோல் பழைய தலையணை உறை மாதிரி தொங்கியது. போகட்டும், படியேறினேனே! சாயங்காலம் இவரோடு உத்திர வீதியைச் சுற்றி வந்தேனே! வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று விசாரிப்பார்கள். சகஸ்ரநாமம் சொல்லும் எங்கள் பாராயணக் கோஷ்டியில் மாமிகள் சூழ்ந்துகொள்வார்கள். "என்னடி பண்றே, எங்களுக்கும் சொல்லேன்!"

நான் சொன்னேன். கொள்ளை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், எத்தனை விசில், கஞ்சியில் மிளகு எப்போது போட வேண்டும், வடக்கு வாசலில் ஆரம்பித்து எந்தப் பக்கமாக நடந்தால் வெயில் படாது என்பதுவரை சொன்னேன். நாத்தனார் திருவெறும்பூரிலிருந்து போன் பண்ணுவாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. அவளுக்கும் அதே கொள்ளுக் கஞ்சிதான். "அப்படியா மன்னி! ஆஹா மன்னி!" என்று கேட்டுக்கொள்வாள். போனை வைத்துவிட்டு நான் இவரைப் பார்த்துச் சிரிப்பேன். இவரும் சிரிப்பார்.

அப்புறம் என் மாமியார் திதி வந்தது.

எங்கள் வீட்டில் சிராத்தம் என்றால் வெளியிலிருந்து சமையல்காரர் யாரும் வந்து தளிகை பண்ணக் கூடாது. மாட்டுப்பெண்தான் மடிசார் கட்டி, மடியாக எல்லாம் பண்ண வேண்டும். சிராத்த பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மிஞ்சுவது சேஷம். அது பித்ருக்கள் பிரசாதம். வீட்டு மனுஷர்கள் அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது, இலையில் மிச்சம் வைக்கக் கூடாது. வடை, சுகியன், எள்ளுருண்டை, பாயசமாகத் திருக்கண்ணமுது என்று அன்றைக்கு இலை நிறைந்துவிடும். எனக்கோ அரைக் கரண்டி சாதம் போனால் அதற்குமேல் ஒரு பருக்கை போகாது. தித்திப்பு கொஞ்சம் கூடினாலும் நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, வேர்த்துக் கொட்டிப் படுத்துவிடுவேன்.

ஒரு வாரமாக எனக்கு இதே கவலை. நாத்தனார் எதிரில் எப்படிச் சமாளிப்பது? "நான் பாத்துக்கறேன், நீ ஏன் மனசைப் போட்டு ஒழப்பிக்கறே?" என்றார் இவர்.

பிராமணர்கள் புறப்பட்டுப் போனார்கள். நாங்கள் இலை போட்டோம். வருஷா வருஷம் பரிமாறுவது நாத்தனார்தான். என் இலைக்கு வரும்போது மட்டும் கரண்டியைக் கவிழ்த்து, "மன்னிக்குக் குறை வெக்கப்படாது" என்று குவிப்பாள். நான் கடைசி இலையில் உட்கார்ந்து, எதை எப்படி மடித்து மறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இவருக்குப் போட்டாள். தன் வீட்டுக்காரருக்குப் போட்டாள். என்னிடம் வந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்ன வெள்ளி ஸ்பூனை எடுத்தாள்.

ஒரு ஸ்பூன் சாதம். குழந்தைக்குப் பிசைகிற மாதிரி மசித்து வைத்திருந்தாள். வடையில் ஒரு விள்ளல். எள்ளுருண்டையில் நகக்கண் அளவு. திருக்கண்ணமுது பாத்திரம் என் இலையைத் தாண்டிப் போயிற்று.

"அது உங்களுக்கு ஆகாதே மன்னி. தலை சுத்திடுமாமே. பெரியவாளுக்குத் தெரியும், தப்பா எடுத்துக்க மாட்டா" என்றாள்.

இவர் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவளைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப் போனேன். "எப்பலேந்து தெரியும்?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே அண்ணா சொல்லிட்டானே மன்னி! உங்களுக்குத் தெரிய வேண்டாம்னான். நீங்க கஞ்சி, வாக்கிங்னு சொல்றச்சே எனக்குப் பாவமா இருக்கும், நானும் சரி சரின்னு கேட்டுப்பேன்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவள் முகத்தில் துளிக்கூட விஷமம் இல்லை. "அண்ணாவும் பாவம்தான். 'அவளுக்கு வாயக் கட்டத் தெரியலை, கடைசில வயித்தை வெட்ட வேண்டியதாப் போச்சு'ன்னு சொல்லிக் கண் கலங்கினான் தெரியுமோ?"

நலங்கில் அவள் சொன்னதற்கு எனக்கு அன்றைக்கே கோபம் வந்து, அன்றைக்கே பதில் சொல்லாமல் விழுங்கி, இத்தனை வருஷம் வைத்திருந்தேன். கொல்லையில் நின்றபோது அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவள் எப்போதும் எதிரில் நின்று சொன்னவள்.

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு இவரிடம் கேட்டேன்.

"கூடப் பொறந்தவ. யார்கிட்டயாவது சொல்லி ஆத்திக்க வேண்டாமா?" என்றார்.

"சொன்னது இருக்கட்டும். என்ன சொன்னேள்?"

துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"வாயக் கட்டத் தெரியலைன்னு சொன்னேளா?"

"ஏதோ பேச்சு வாக்குல வந்திருக்கும்."

"டாக்டர் அவ்வளவு சொன்னாரே. தலையை ஆட்டினேளே. கரெக்ட்டுன்னேளே!"

"டாக்டர் சொன்னா தலையாட்டாம பின்ன என்ன பண்றது?" என்றார். எரிச்சலோடுகூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும் என்கிற மாதிரி, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

அவர் எனக்காக இறுத்த சாத்துமுது, சாத்தின ஜன்னல், தடவின முதுகு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வேறாகிவிட்டன. தின்றே கெட்டுப்போனவளுக்குக் காட்டின இரக்கம் அது. நான் அதை வேறு என்னவோ என்று நினைத்து மாதக்கணக்கில் குடித்திருக்கிறேன்.

அடுத்த பாராயணத்தில் நானாகவே சொல்லிவிட்டேன். "கொள்ளும் இல்லை, கஞ்சியும் இல்லை. வயித்தை வெட்டிண்டேன்." மாமிகள் புஸ்தகத்தில் தலையைக் கவிழ்த்தார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாக, "தெரியுமேடி. உன் ஆத்துக்காரர் எங்காத்து மாமாகிட்டச் சொன்னாரே" என்றாள். அவர்களும் தெரிந்துகொண்டேதான் எத்தனை விசில் என்று கேட்டிருக்கிறார்கள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று சிரித்தேன். அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போன மாதம் செக்கப்புக்குப் போனோம். சர்க்கரை இல்லை, மாத்திரை இல்லை, முழங்கால் தேவலை. சர்ஜனுக்கு ரொம்ப சந்தோஷம். "வீட்ல சப்போர்ட் இருந்தாத்தான்மா இப்படி வரும்" என்று இவரைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்தார்.

"டாக்டர், மொதல் நாள் இவர்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, இது ஏன் வருதுன்னு. அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் என்ன நினைத்தாரோ, பொறுமையாகச் சொன்னார். வாயைக் கட்டாததால் வந்தது இல்லை. வியாதி. யாரும் குற்றம் சொல்லக் கூடாது. நான் சர்ஜனைப் பார்க்கவில்லை, என்னவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியைச் சுருக்கிக் கவனமாகக் கேட்டார். அன்றைக்கு ஆட்டின அதே இடங்களில் தலையை ஆட்டினார்.

"ஆமாம் டாக்டர், ரொம்பக் கரெக்ட்" என்றார்.

சொல்லிவிட்டு, நாற்காலிக் கைப்பிடியில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தார். அதே கை, அதே சூடு. அந்தக் கையை நம்பித்தான் நான் போய் அந்த ஆபரேஷன் மேஜையில் படுத்தேன்.