சுருக்கம் விழுந்த தாள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கனாக்காரி என்று பெயர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் போதும், ஊர் உலகம் மறந்துபோகும். உள்ளே நீலமும் பொன்னுமாகப் படிகங்கள் மெல்ல விரியும். அவளும் கூடவே மிதப்பாள்.

அந்த மிதப்பிலும் அப்பாவின் விரல்தான் வந்து நிற்கும். பக்கவாதத்தில் பேச்சும் போய், படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரே ஒரு விரல் லேசாக அசையும். அழைப்புமணியை அழுத்த அதற்குத் தெம்பில்லை. யாராவது எட்டிப் பார்க்கும்வரை தாகத்தோடு காத்துக்கிடப்பார். தொட்டாலே மின்சாரம் பிறந்து மணியடிக்க வைக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை அவருக்குச் செய்துவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

எப்படிச் செய்தாலும் பிளாஸ்டிக் தூள் என்னவோ ஒன்றுதான். உருக்கி ஆறவைத்தால் உள்ளிருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொள்ளும். ஒன்றின் மின்சாரத்தை மற்றது தின்றுவிடும். கரைத்து, இளஞ்சூட்டில் காயவிட்டு, மின்னழுத்தம் கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுக்கும். தாள் மட்டும் வெளுத்து, சுருக்கம் விழுந்திருக்கும்.

அப்படி ஒன்றை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள், சட்டையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் தாங்காத அவள் கணவன், துணியை மேலே போட்டு அதற்கு இஸ்திரி போட்டுவிட்டான்.

“பாத்தியா, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்! மாமாவுக்குக் கசங்கினதையா குடுக்கிறது?”

கம்பியை இணைத்துத் தட்டினாள். மணி வாயே திறக்கவில்லை.

“உருகிப்போச்சுங்க. உள்ள எல்லாம் திரும்பிப் படுத்துக்கிச்சு.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தொங்கிப்போன அவன் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

மறுபடி பொறுமையாக ஒன்று செய்தாள். அதை அப்பாவின் விரலடியில் ஒட்டும்போது கணவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் அந்தப் பக்கமே வரலம்மா” என்றான்.

அடுப்பில் பால் வைத்தாள். மணி அடித்தது. ஓடினாள்.

“தண்ணியாப்பா?”

இல்லை என்று கண்ணை மூடித் திறந்தார். தலையணையும் இல்லை, ஜன்னலும் இல்லை. சமையலறைக்குத் திரும்பியதும் மறுபடி மணி.

“என்னதாம்பா வேணும்?”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் கூப்பிட முடியாத மகளைக் கூப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“பால் பொங்குது, நான் பாத்துக்கறேன்” என்று உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுத்தான்.