வந்தவர் பக்கம் திரும்பிய கம்ப்யூட்டர்

தாம்பரம் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். பெயர் கேட்க எனக்குக் கூச்சம். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதில் நூல் சுற்றியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். இவர் மட்டும் திரையை வந்தவர் பக்கம் திருப்பிவிட்டு, தான் கழுத்தை வளைத்துப் பார்ப்பார்.

"அத ஏம்மா ஜனங்க பக்கம் திருப்புறே?" என்று மேலதிகாரி அதட்டினார்.

"அவங்க வீட்டு விஷயம்தானே சார்? நான் என்ன சினிமாவா பாக்குறேன்?"

வரிசையே சிரித்தது.

பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுக்குப் பட்டா கேட்டு அலைந்துகொண்டிருந்தேன். பட்டா இல்லாவிட்டால் என்றைக்காவது இடித்துவிடுவார்களோ என்று பயம். நான் படிக்கத் தடுமாறுவதைப் பார்த்து, அவரே விரல் வைத்து வாசித்தார்.

"இடம் ஏரிப் புறம்போக்குன்னு போன வருஷமே தள்ளுபடி பண்ணிட்டாங்கண்ணா. யாரும் சொல்லலையா?"

"ஃபைல் மேல போயிருக்குன்னாங்க மேடம்."

"எங்கயும் போகல. காரணத்த எழுத்துல கேளுங்க, குடுத்துதான் ஆகணும். அத வெச்சு அப்பீல் பண்ணலாம். ஆனா கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

கும்பிட்டுவிட்டு வந்து, வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"இல்லைன்னு சொன்ன பொம்பளைக்கா கும்புடு போட்டுகினு வந்தே?" என்று மனைவி கத்தினாள். அவள் கேட்டது நியாயம்தான். வீடு போனாலும் போகலாம். ஆனால் பட்டாவுக்கு அலைய ஆரம்பித்ததிலிருந்து சோறே இறங்காத எனக்கு அன்றைக்கு ஏன் அப்படிப் பசித்தது என்றுதான் இன்னும் புரியவில்லை.