பீரோவுக்குப் பின்னால் ஒரு விரிசல்

வீட்டைப் பார்க்க இன்சூரன்ஸ்காரர் வருகிறார் என்றதும் என் கணவர் செய்த முதல் வேலை, சுண்ணாம்பு வாங்கி வந்ததுதான். அரியலூரில் எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணை அலங்கரிப்பது போல, ஆபீசர் வந்தால் வீட்டை அலங்கரிப்போம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்னறைச் சுவரில், மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடியது.

"அவரு பாத்து எழுதிட்டாருன்னா பாலிசி கெடைக்காது. பாலிசி இல்லன்னா பேங்குல லோனையும் நிறுத்திடுவான். நீ வாயத் தொறக்காத" என்றார் கணவர். விரிசலில் சுண்ணாம்பை அப்பினார். போதாதென்று கூடத்திலிருந்த இரும்பு பீரோவை இழுத்து வந்து அதன் முன்னால் நிறுத்தினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மனிதருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை. வீட்டு விரிசலுக்குச் சுண்ணாம்பு! நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. வாயை மூடிக்கொண்டு கேசரி கிண்டியது நான்தான்.

வந்தவர் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டார். "மழைக்கு எங்கயாச்சும் ஒழுகுதுங்களா?" என்றார். "இல்லைங்க சார்" என்றோம். மாடிக்கு ஏறவில்லை, பின்னறைக்குள் தலையைக்கூட நீட்டவில்லை. "வூடு ஜம்முன்னு இருக்குங்க மேடம்" என்று எழுதிக்கொண்டு போனார். பார்ப்பதற்குத்தானே ஐயா உமக்குச் சம்பளம்?

ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. பள்ளிக்கூடம் லீவு. மகள் கட்டிலில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், "அம்மா, பசிக்குது" என்று அடுப்படிக்கு வந்தாள். தட்டில் தோசையை வைக்கிறேன், பின்னால் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவர் பாதி இடிந்து கிடக்கிறது. நாங்கள் நிறுத்திவைத்த பீரோ கட்டில்மேல் குப்புறக் கிடக்கிறது. அதற்கடியில் அவள் நோட்டு.

நஷ்டம் பார்க்க இன்சூரன்ஸிலிருந்து வேறொருவர் வந்தார். மழையில் விட்ட விரிசல் என்றோம். இவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நின்றிருந்த மிச்சச் சுவரில் டார்ச் அடித்து, விரிசலுக்குள் சாவியை விட்டுச் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது.

"மழையில வந்த விரிசல்னா உள்ள சுண்ணாம்பு எப்படிம்மா போச்சு?"

எங்களை வெளியே கூட்டிப்போய், மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயைக் காட்டினார். "செவுத்தடியிலயே விழுது பாருங்க. இது கரிசல் மண்ணு. நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். அஸ்திவாரம் என்னத்துக்கு ஆகும்? நாலடி பைப்பு போட்டுத் தண்ணியத் தள்ளி விட்டிருந்தா செவுரு நின்னுருக்கும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத மொதல்ல வந்தவரு சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீங்க காட்டியிருக்கலாமுல்ல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. பழைய விரிசலை மறைத்தோம் என்று எழுதி, நஷ்ட ஈடு கிடையாது என்றுவிட்டார்கள். கடன் வாங்கி இடிந்த பாதிச் சுவரை எழுப்பினோம்; மிச்சச் சுவரின் பழைய விரிசல் பீரோவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. நாலடி பைப்பை நானே கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

மறுவருஷம் பாலிசியைப் புதுப்பிக்க வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே கேசரிக்காரர்! அதற்கு முந்தின நாள் என் கணவர் மறுபடியும் சுண்ணாம்புப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பட்டும் புத்தி வராத ஜென்மம். பொட்டலத்தைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன்.

வந்தவர் பழையபடி ஃபேனைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்னங்க மேடம், நல்லாருக்கீங்களா? உள்ள கேசரி வாசன வருது!"

"கேசரி இருக்குங்க சார். எங்கயும் போயிடாது" என்றேன். "மொதல்ல எந்திரிங்க. எம் பொண்ணு படுக்குற ரூமுக்கு வந்து, அந்த பீரோவ ஒரு கை புடிச்சு நகத்துங்க."