இறக்கையில் ஒன்று குறைந்தது

விமான தளத்தில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள். போர் விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஏவுகணை மாட்டுகிற குழுவில் வேலை. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கொக்கியில் பொருத்தி, மின்இணைப்பை அசைத்துப் பார்த்து, விமானம் கிளம்பும்போது, அது தவறிப் பாய்ந்துவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியை உருவுவாள். திரும்பி வந்ததும் மறுபடி செருகுவாள். பயிற்சிக்குச் சுட்டதைத் தவிர, மாட்டியதெல்லாம் மாட்டியபடியே திரும்பிவிடும்.

எல்லையில் உரசல் முற்றியிருந்த ஒரு மத்தியானம், அவள் அனுப்பிய விமானம் இடது இறக்கை காலியாகத் திரும்பி வந்தது. கூட இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். அவள் மட்டும் கையில் ஊசியோடு நின்றாள். கொக்கியைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

விமானி ஏணியில் இறங்கினான். அவளைவிடப் பத்து வயது இளையவன். முகம் வெளிறிப் போயிருந்தது.

"பட்டுச்சா சார்?"

"தெரியலக்கா. ஆளையே பாக்கல, ராடார்ல ஒரு புள்ளிதான். சுட்டேன். அந்தப் பக்கத்துல இருந்தும் ஒண்ணு வருதுன்னு அலாரம் அடிச்சுது. விழுந்தடிச்சுத் திரும்பிட்டேன். அப்புறம் பாத்தா புள்ளியக் காணோம்."

வீட்டில் டிவி, எதிரி விமானம் விழுந்தது என்றது. எதிரி நாடோ, எங்கள் விமானங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பிவிட்டன என்றது. பம்பரம் கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள்.

"போதும்டி, பாத்திரத்துக்குத் தோல் உரிஞ்சிடும்" என்றான் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். "சுட்டது அவரு. நீ மாட்டி விட்டதோட சரி."

"மாட்டினது நான்தானே?"

அவள் மனதுக்குள் அந்த இணைப்பைத் திரும்பத் திரும்ப அசைத்துப் பார்த்தாள். எங்கேயாவது கொஞ்சம் தளர்ந்திருக்கக் கூடாதா, ஏவுகணை வழிதவறிப் போயிருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அது தவறியிருந்தால் எதிரி துரத்தி வந்து நம் விமானிப் பையனை அடித்திருப்பானே! படவும் வேண்டும், படவும் கூடாது. இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். விமானத்தின் பதிவுகளையெல்லாம் அலசியிருந்தார். எப்படி மாட்டினாள் என்று கேட்டுத் தலையசைத்தார்.

"உங்க வேலையில குறை இல்லம்மா. அந்த எதிரி விமானியும் நம்மாளு மாதிரியே திரும்பி ஓடிட்டான். ரொம்ப தூரம். ஏவுகணைக்கு வேகம் செத்துப்போய்க் கடல்ல விழுந்திருக்கும். அநேகமா."

விமானி வெளியே தள்ளுவண்டி மேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் சொல்லிவிட்டார்கள் போல.

"அந்த விமானம் விழலையாம்க்கா" என்றவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியிலேயே கோணிக்கொண்டது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவள் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அதற்குள் சைரன் ஊதியது. அவன் ஓடினான். அவளும் ஓடினாள். இணைப்பை மூன்று தடவை அசைத்துப் பார்த்தாள். அன்று மாட்டியதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் புருஷன் கையைத் தட்டினான். "அப்பாடா! பாவமும் இல்ல, பழியும் இல்ல. இன்னும் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"தப்பிச்சவன் வீட்டுலயே உக்காந்திருப்பானா? நாளைக்கு மறுபடி கிளம்பி வருவான்ல, நம்ம சார் மேல சுட. அவனுக்கும் யாரோ ஒருத்தி மாட்டித்தானே அனுப்புவா?"

அவன் எழுந்தான். டிவியை அணைத்துவிட்டு, அவள் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். அவள் உட்காரவில்லை.