ரோபோவின் வலது பக்கம்

என் அத்தானுக்குக் கழுத்து வலி வந்த இரண்டு வருடத்தில் அக்கா வீட்டின் நடைமுறையே மாறிப்போயிருந்தது. அவர் முதுகுப் பக்கம் நின்று யாரும் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வந்து முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். டிவியை அவர் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியாயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர், உப்பு, கைதுடைக்கும் துணி எல்லாம் மூக்குக்கு முன்னால் வரிசையாக இருக்கும். நீதிபதிக்குக்கூட இத்தனை உபசாரம் நடக்காது. இதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். "வலிக்கிறவங்களுக்குத்தான் தெரியும், நீ சும்மா இருடி" என்பாள்.

அத்தான் டைல்ஸ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். கையில் பட்டியலும் பேனாவுமாக அடுக்குகளுக்கு நடுவே நாள் முழுக்க நடந்து சரக்கு சரிபார்ப்பவள். அவர் அங்கே பெட்டி சுமக்கச் சேர்ந்தவர். ஏழு வருடம் தோளில் சுமந்து, பிறகு ஓட்டக் கற்று, தேர்வில் ஒருமுறை கோட்டை விட்டு, மறுமுறை தேறி வண்டியில் ஏறினார். இப்போது வயது நாற்பத்தேழு. வண்டியின் இருக்கையை வீட்டிலிருந்து கொண்டு வரும் துணியால்தான் துடைப்பார். அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு களை வரும். என் அக்காவைப் பற்றிப் பேசும்போது அது கொஞ்சம் குறைவுதான்.

சரக்கு உயரமாக இருந்தால் முன்னால் பாதை தெரியாது. அதனால் பாதி நேரம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். அத்தான் கழுத்தை அசைக்காமல் இடுப்போடு சேர்த்து மொத்தமாகத் திரும்புவார். கிடங்கில் அவருக்கு ரோபோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். இந்த வருடம் புது விதி வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டு, பின்னால் வலமும் இடமும் பிடிக்கும் அட்டையில் உள்ள எண்ணை வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காவிட்டால் வண்டி கிடையாது. சோதனைக்கு எட்டு வாரம் இருந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த பிசியோதெரபி நிலையத்துக்கு மூவரும் போனோம். அத்தான் கழுத்தில் பட்டை, கையில் எக்ஸ்ரே உறை. முன்பு ஒரு டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து "தேய்மானம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் கழுத்தை அசைத்தால் உடைந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். பிசியோ டாக்டர் கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா, நடை தடுமாறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை.

"வலியே இல்லாத ஆளுக்கும் இந்த வயசுல படம் எடுத்தா அனேகமா இப்படித்தான் சார் இருக்கும். முடி நரைக்கிற மாதிரிதான். பட்டையைக் கழட்டுங்க."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான்தான் கழற்றினேன். டாக்டர் அவரைத் திரும்பச் சொல்லி, தாடைக்கும் தோள் முனைக்கும் இடையே டேப் வைத்து அளந்தார். இடது பக்கம் பதினான்கு சென்டிமீட்டர், வலது பக்கம் பதினேழு. எண்கள் குறையக் குறைய நல்லது என்றார். பிறகு பேச்சுவாக்கில் கேட்டார்.

"வீட்டுல யாராவது பின்னாடியிருந்து கூப்பிட்டா எந்தப் பக்கமா திரும்புவீங்க?"

அக்கா பெருமையாக முந்திக்கொண்டாள். "பின்னாடியிருந்து நாங்க கூப்பிடவே மாட்டோம் டாக்டர். எல்லாமே முன்னாடிதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இந்தக் கழுத்து ரெண்டு வருஷமா லீவுல இருக்குன்னு சொல்லுங்க."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "நான் பாத்துப்பாத்துச் செஞ்சதுதான் தப்பா?" என்றாள் மெதுவாக. அதுவரை அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்த எனக்கே பாவமாகிவிட்டது.

"தப்புன்னு சொல்லலம்மா. இனிமே கொஞ்சம் குறைச்சுக்கோங்க. அவர் தேவைக்கு அவரே திரும்பட்டும்."

அத்தான் தைலம் போட்டு அரைமணி நேரம் அமுக்கிவிடுவார்கள் என்று ஆசையோடு வந்தவர். கிடைத்தது பத்து நிமிடம் சூட்டு ஒத்தடமும் ஐந்து நிமிடம் கையால் நீவிவிட்டதும்தான். மீதியெல்லாம் அவரே செய்ய வேண்டிய பயிற்சிகள். தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது ஒன்று. செய்யும்போது ஆள் எதையோ வேண்டாம் என்று மறுப்பது போல இருக்கும். உள்ளங்கையைக் கன்னப்பொறியில் வைத்துத் தலையால் தள்ளுவது இன்னொன்று. தலை நகரக் கூடாது. இரு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து இறுக்குவது, வலி தாங்கும் அளவுக்கு இருபுறமும் திரும்புவது. பத்துப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

அத்தான் உழைப்பாளி. பத்து சொன்னால் நாற்பது செய்தார். நான்காம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. "கழுத்தைக் கெடுத்துட்டாங்க" என்று பட்டையைத் தேடினார். அக்கா போன் செய்தாள். "பாதியாக் குறைச்சுக்கட்டும், நிறுத்த மட்டும் வேண்டாம். வலி கூடினா கேடு நடந்துடுச்சுன்னு அர்த்தமில்ல" என்றார் டாக்டர். அக்கா பட்டையை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. டிவி வலது சுவருக்குப் போனது, உப்பு பின்னாலிருந்த அலமாரிக்குப் போனது. சமையலறையிலிருந்து "ஏங்க" என்பாள். அவர் திரும்பினால் "ஒண்ணுமில்ல" என்பாள். இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை. "இவ கூப்பிடுறதுக்கு அந்த வலியே தேவல" என்று புலம்பியபடி அத்தான் திரும்பிக்கொண்டுதான் இருந்தார். ஏழாவது வாரம் டேப் இடது பக்கம் பதினொன்று என்றது, வலது பக்கம் பதினான்கு. தூக்கம் நன்றாக வந்தது. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசுவது குறைந்தது.

சோதனை நாளில் வலது பக்கம்தான் எனக்குக் கவலை. அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். அவருக்கு நேர் எதிரே, சரக்கு எண்ணுவது போல நின்றுகொண்டேன். பாதுகாப்பு அதிகாரி பின்னால் இடது பக்கம் அட்டை பிடித்தார். அத்தான் கழுத்தைத் திருப்பி, "நாலு" என்று பளிச்சென்று சொன்னார். அடுத்து வலது பக்கம். முடிந்தவரை திரும்பினார். பிறகு மறுபடி முன்னால் பார்த்தார். நான் பட்டியலை மார்போடு அணைத்து அதன்மேல் மூன்று விரலை விரித்துக் காட்டினேன். அவர் கண் என் விரலில் நன்றாகப் பதிந்தது.

"அட்டை இருக்கிறது தெரியுது சார். எண் தெரியல" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மறு சோதனை, அதுவரை சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை, வண்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அத்தான் இருக்கையைத் துடைத்துவிட்டு இறங்கினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஓய்வறையில் மடக்கிவிட்டேன்.

"மூணு விரல் காட்டினேனே அத்தான், கண்ணு தெரியலையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டி உங்க கையில இருந்திருக்கும். பெரிய உத்தமர்னு நெனப்பு."

"பாத்தேன். பாக்காம என்ன."

"அப்புறம்?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்துத் தம்ளரை வைத்தார். "ரெண்டு வருஷமா வலது பக்கம் நான் சரியாப் பாத்ததே இல்ல. ஹார்னை அடிச்சிட்டு, ஆளுங்க விலகிடுவாங்கன்னு நம்பி வண்டியை எடுத்துட்டிருந்தேன். உங்க அக்காகிட்டகூடச் சொல்லல. நேத்து சாயந்திரம் வண்டியைப் பின்னால எடுக்கறப்ப முடிஞ்ச மட்டும் திரும்பிப் பாத்தேன், அப்பதான் அந்தப் பக்கம் எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுது."

"என்ன இருந்துச்சு?"

"நீ நின்னுட்டிருந்த. குனிஞ்சு எழுதிட்டு. நாலடி தூரத்துல."

நான் உட்கார நாற்காலி தேடினேன்.