விரதத்தில் சேர்ந்த கொழுப்பு

தைப்பூசம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை தேதியிட்ட என் ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி: "கல்லீரலில் கொழுப்பு, மிதமான அளவு. முன்பைவிடக் கூடுதல்."

என் தம்பியின் கல்லீரல் கெட்டுவிட்டது. என்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், இரத்த வகை பொருந்துகிறது. ஆனால் கொழுப்பு குறைந்தால்தான் வெட்டி எடுக்க முடியும் என்று கோலாலம்பூர் டாக்டர் தீபாவளிக்கு முன்பே சொல்லியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தீவின் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தவள் நான். மீன், கறி, முட்டை எதையும் தொடவில்லை. பிறகு எப்படிக் கூடும்?

இங்கே தீவிலுள்ள மருத்துவமனையின் உணவு ஆலோசகர், ஓர் இளம் பெண், விரதத்தில் என்ன குடித்தேன் என்று கேட்டார்.

"தே தாரிக்தான், நல்லா ஆத்துன தேத்தண்ணி. காலையில, மத்தியானம், அக்கரையில, பிறையில வேலை முடிஞ்சதும் ஒன்னு. தண்ணீர்ப் பந்தல்ல குடுக்கற இனிப்பு சிராப்புத் தண்ணி."

"டின்ல வர்ற இனிப்புப் பால் ஊத்தியா?"

"விரதத்துக்குப் பால் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"சாமி ஒன்னும் சொல்லாதுக்கா. கல்லீரல்தான் கணக்குப் பாக்குது லா."

வீட்டுக்கு வந்து படித்தேன். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. கொழுப்புச் செல்லின் வாசலில் அது உடைபட்டு உள்ளே போய், மறுபடி கூடி ஒரே பெரிய துளியாகக் கிடக்கிறது. உணவில்லாத நேரத்தில் செல் அந்தத் துளியைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெளியே விடும்; தசைகள் அதை எரிக்கும். இனிப்பு குடித்ததும் இரத்தத்தில் இன்சுலின் ஏறும்; அது ஏறியிருக்கும்வரை இது நடக்காது. நான் இனிப்பை மாற்றி மாற்றிக் குடித்து, வெளியே விடும் நேரமே அதற்குக் கொடுக்கவில்லை. செல்களில் இடம் போதாமல் போனால் கொழுப்பு கல்லீரலில் தேங்கும்.

மறுநாளிலிருந்து, அக்கரை வேலைக்குப் பெர்ரி ஏறுமுன் சூலியா தெருக் கடையில் பாலும் சீனியும் இல்லாத தே. கடைக்காரர் விடவில்லை.

"என்னக்கா, மூஞ்சி வாடிப்போச்சு. கொஞ்சமா பால் ஊத்தவா?"

"ஊத்துங்க அண்ணே. நாளையிலேர்ந்து எதிர்க்கடைக்குப் போறேன்."

"ஐயோ, வேணாம் லா!"

மாலையில் சோறு பாதி. பிறகு கடற்கரையோரம் நடை. மழையென்றால் அடுக்குமாடிப் படிகள். தம்பி தொலைபேசியில் திட்டினான்: "எனக்காகப் பட்டினி கிடக்காதக்கா."

"நீ மாத்திரையப் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சித்திரைப் புத்தாண்டுக்குள் என் பாவாடை நாடாவை முன்பைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. இடுப்புச் செல்கள் சுருங்கியிருக்கின்றன, அதுவரை நிச்சயம். வரும் செவ்வாய் மறு ஸ்கேன். கல்லீரலிலிருந்த கொழுப்பு போய்விட்டதா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதியாகவில்லை.