மரக்காணம் கழியில் ஒரு விசில்

காலை ஆறேகாலுக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினோம். திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் வண்டி பிடித்தோம். இருபது மைல், எண்பது நயா பைசா. நண்பர் சபாபதி புதிதாக வாங்கிய சின்ன மோட்டார் படகு மரக்காணம் உப்பங்கழியில் ஓட்டிப் பார்க்க முந்தின நாளே லாரியில் போய்விட்டது. அவர் மடியில் இரண்டு தக்கைச் சட்டைகள், முழுகாமல் மிதக்க.

"கழியில இடுப்பளவு தண்ணிதாங்க. எழுந்து நின்னா போதும்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. சபாபதி சிரிக்கவில்லை. குடையில்லாமல் கோயிலுக்குக்கூடப் போகாத மனிதர் அவர்.

ஒன்பது மணிக்குப் படகு கிளம்பியது. "வளைவு வந்தா விசில் ஊதணும். பதில் வந்தா நிக்கணும். வரலைன்னா ஆளில்லைன்னு அர்த்தம்" என்று எனக்குப் பாடம் நடத்தினார் சபாபதி.

கோரை அடர்ந்த வளைவில் மூன்று முறை ஊதினார். பதில் இல்லை. வேகத்தைக் கூட்டினார்.

திரும்பியதும் நீர்மேல் தலைகள்! எட்டுப் பெண்கள் கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருந்தார்கள். எப்படிப் பதில் வரும்?

ஒருத்தி எங்களுக்கு முதுகு காட்டி நேர் எதிரே இருந்தாள். பக்கத்துப் பெண் வாயைத் திறந்து அலறினாள்: "ஒதுங்குடீ!"

முதுகு காட்டியவள் பாய்ந்து விலகினாள். சபாபதி படகைச் சட்டென்று திருப்பிக் கோரையில் செருகினார். எஞ்சின் நின்றது. அலறியவளின் பறி கவிழ்ந்து மிதந்தது.

"விசில் ஊதினேனேம்மா, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார் சபாபதி.

"வாயில பறி கீதே சாமி. தொறந்தா எறா போயிடும். இப்ப தொறந்தேன், போயிடுச்சி. என் தங்கச்சி உசுரோட கீறா, அது போதும்." அலறியவள் கலங்கிய நீரைப் பார்த்தாள். "இனிமே இங்க எறா நிக்காது. போங்க சாமி."

கோபித்துத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சபாபதி மோட்டாரைத் தூக்கிப் படகுக்குள் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார். கரைவரை துடுப்பே போட்டார்.

மாலை பஸ்ஸில் தக்கைச் சட்டை இரண்டும் எங்கள் காலடியில் கிடந்தன. விழுப்புரத்தில் கதவைத் தட்டிப் பதில் வராவிட்டால், வீட்டில் ஆளில்லை என்று திரும்பிவிடுகிறோம். மரக்காணத்தில் பதில் வராத இடத்தில்தான் எட்டுப் பேர் இருந்தார்கள்.